ரசீது கேட்கச் சொன்னவர்

போலீஸ்காரர் கை நீட்டி வண்டியை நிறுத்தினால் ஒரு டிரைவருக்கு என்னென்ன உரிமை உண்டு என்று ராயபுரத்துக்கே பாடம் எடுத்த மனிதர் ஒருவர் இருந்தார். அவரை மட்டும் எந்தப் போலீஸ்காரரும் கை நீட்டி நிறுத்தியதில்லை. அவர் ஓட்டியது பிண வண்டி.

பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி நிஜமாகவே வக்கீலுக்குப் படித்திருக்கிறாள், வம்பு எதற்கு. அன்றைக்கும் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டிரைவர்கள் எதிரில் ‘நைனா’ என்பார்கள், தலை மறைந்ததும் ‘லாபாயிண்ட்டு’ என்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். கல்மண்டபம் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் நான் கிளார்க்காக இருந்தேன். கப்பலில் வந்திறங்கும் கந்தகத்தைத் துறைமுகத்திலிருந்து எண்ணூர்த் தொழிற்சாலைக்கு அனுப்புவது எங்கள் தொழில். ஆபீசுக்கு அடுத்து டீக்கடை, அதற்கு அடுத்து சவப்பெட்டிக் கடை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இந்தக் காதில் எங்கள் முதலாளி டிரைவர்களைத் திட்டுவதும் அந்தக் காதில் பெட்டிக்கு ஆணி அடிப்பதும் கேட்கும். எது எந்தப் பக்கம் என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

சவப்பெட்டிக் கடை முதலாளி, யுத்த காலத்து ஆம்புலன்ஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்துக் கறுப்படித்து, இரண்டு பக்கமும் வெள்ளைச் சிலுவை வரைந்து வைத்திருந்தார். அதை ஓட்டத்தான் நம்மவர். வண்டியோடு ஒரு கறுப்புக் கோட்டும் கொடுத்திருந்தார்கள், பித்தளைப் பொத்தான் வைத்தது. மே மாத வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டார். கோட்டுக்குள் இருந்த ஆள் ஒல்லி, மீசை மட்டும் கோட்டு சைசுக்கு இருக்கும். டீயை உறிஞ்சிவிட்டு அந்த மீசையை இரண்டு பக்கமும் துடைத்தால் பாடம் ஆரம்பம் என்று அர்த்தம்.

“கேட்டுக்கங்கடா. கை காட்னா நிறுத்து. நிறுத்தாத போனா நீ ராங்கு. நிறுத்திட்டியா, அப்பால நீ ராஜா. சீட்ட வுட்டு எறங்காதே. லைசென்ஸ் கேட்டான்னா, கேக்கறவன் யூனிபாரத்துல கீறானான்னு பாரு. இல்லாங்காட்டி காட்டாதே. லைசென்ஸ இஸ்து வெச்சுக்கினானா, ரசீது கேளு. ரசீது கையில கீதுன்னா அதான் உனுக்கு லைசென்ஸு. அத்த வெச்சுகினு கன்யாகுமரி வரிக்கும் ஓட்டலாம், ஒருத்தன் கேக்க முடியாது.”

“லைசென்ஸ வூட்ல மறந்துட்டு வந்துட்டா நைனா?”

“ஸ்டேஷன்ல கொணாந்து காட்றேன்னு சொல்லு. அதுக்கும் டைம் குடுத்துக்கீது சட்டத்துல.”

“பின்னால லைட்டு எரியலன்னா?”

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் அவர் முகம் டீ கிளாசுக்குள் போய்விடும். “அதெல்லாம் வேற சாப்டருடா” என்பார்.

இந்தச் சட்ட ஞானம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு, அவரே சொன்னது. ஒரு சமயம் பெரிய வக்கீல் ஒருவருடைய உடலை ராயபுரத்திலிருந்து கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனாராம். முன் சீட்டில் வக்கீலின் குமாஸ்தா. எஜமானர் போன துக்கத்தில் குமாஸ்தாவுக்குப் பேச்சு நிற்கவில்லை, எஜமானர் ஜெயித்த லாரி கேசுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். டிரைவரின் உரிமைகள் எல்லாம் சொல்லி முடித்து, கடமைகளுக்கு வரும்போது கல்லறை வந்துவிட்டது. நம்மவருடைய சட்டப் படிப்பு அத்துடன் முடிந்தது.

எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததுதான். எங்கள் முதலாளியின் வக்கீலிடம் ஒருநாள் சும்மா கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தேன். யூனிபாரம், ரசீது, பிறகு கொண்டுவந்து காட்டுவது, எல்லாம் சட்டத்தில் இருக்கிறதாம். “உங்களுக்கு யார் சொன்னது?” என்றார். பிண வண்டி டிரைவர் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவரை ஏன் யாரும் நிறுத்துவதில்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். காலையில் டியூட்டிக்கு வந்து நிற்கிற போலீஸ்காரர், முதல் வண்டியாகப் பிண வண்டியையா நிறுத்துவார்? அன்றைய நாள் உருப்பட்ட மாதிரிதான். டோல்கேட் ஜங்ஷனில் கறுப்பு வண்டி தூரத்தில் தெரிந்ததும் குறுக்கே வருகிற மாட்டுவண்டி, ரிக்‌ஷா, பஸ் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்திவிட்டு, சீக்கிரம் போய்த் தொலை என்று வழிவிடுவார்கள். உள்ளே உடல் இருந்தால் தொப்பியைக் கழற்றுகிறவர்களும் உண்டு. சிலர் சல்யூட்டே வைப்பார்கள்.

அந்த சல்யூட்டை அவர் தனக்கு என்று எடுத்துக்கொண்டார். இதைச் சொன்னால் நம்புவது கஷ்டம், ஆனால் மனிதர் மனமார நம்பினார். “என் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுடும் சார் அவங்களுக்கு. இவன் சட்டம் தெரிஞ்சவன், இவங்கிட்ட வாயக் குடுத்தா பேஜாரு ஆயிடும்னு” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். பின்னால் பெட்டியில் படுத்திருந்தவருக்கு அந்த மரியாதையில் பங்கு உண்டு என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

லாரிக்காரர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். கறுப்பு வண்டி டோல்கேட்டைத் தாண்டும்போது அதன் வாலைப் பிடித்துக்கொண்டே தாண்டிவிடுவார்கள். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, உரிய சோகத்தோடு முதல் கியரில் ஊர்ந்து போவார்கள். சில நாள் பின்னால் ஏழெட்டு லாரி போகும். யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் என்று தெருவில் நிற்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நம்மவர் கண்ணாடியில் அதைப் பார்த்து, தன் சீடர்கள் வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

சீடர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

கரி லாரி ஓட்டுகிற ஒருவன், வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்த போலீஸ்காரரிடம், “தொப்பி போட்டாத்தான் யூனிபாரம். போட்டுக்கினு கேளு, காட்றேன்” என்றானாம். அவர் பொறுமையாகத் தொப்பியை எடுத்து, தூசி தட்டி, தலையில் நேராக வைத்து, வாரை மோவாயில் மாட்டிக்கொண்டார். யூனிபாரம் பூர்த்தியானதும் ஓங்கி ஒன்று விட்டார். அவனுக்கு ஒரு வாரம் வலது பக்கத்தில் மெல்ல முடியவில்லை.

இன்னொருவன் லைசென்சைக் காட்டினால் போதும், கையில் கொடுக்க வேண்டாம் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயிருந்து காட்டினான். அந்தப் போலீஸ்காரருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தெருவில் அத்தனை பேர் எதிரில் தன்னைப் படிக்கச் சொல்லிக் கேலி செய்கிறான் என்று நினைத்துவிட்டார். அப்புறம் கண்ணாடியும் இல்லை, லைசென்சும் இல்லை.

இவர்கள் வீங்கிய முகத்தோடு வந்து டீக்கடையில் நின்றால் நம்மவர் கொஞ்சமும் அசர மாட்டார். கண்ணை மூடி, நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, “சட்டம் கரெக்டு. நீ கேட்ட மொகம் சரியில்ல” என்பார். அடி வாங்கியவன் அதையும் ஒத்துக்கொண்டு, அவருக்கும் சேர்த்து டீ சொல்லுவான். இந்த ஊர் உருப்படாது என்று நான் முடிவு கட்டியது அப்போதுதான்.

கபூர் பாய் அப்படியெல்லாம் ஏமாறுகிறவன் இல்லை என்று நினைத்திருந்தேன். வண்ணாரப்பேட்டைக்காரன், எங்கள் ஆபீசின் நல்ல டிரைவர். கந்தகத் தூள் படிந்து புருவம் எப்போதும் மஞ்சளாக இருக்கும். போலீசுக்கென்று லாரிக்காரர்கள் வைத்திருந்த முறையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. காலி தீப்பெட்டிக்குள் ஒரு நாணயத்தைப் போட்டு, ஜங்ஷனில் வேகத்தைக் குறைத்து, போலீஸ்காரர் காலடியில் விழுகிற மாதிரி எறிவதுதான் அந்த முறை. அவர் பீடி பற்றவைக்கிற சாக்கில் குனிந்து எடுத்துக்கொள்வார். கபூர் எறிந்தால் பெட்டி செருப்பு நுனியில் போய் விழும், அவர் குனிந்தால் போதும், நகரக்கூட வேண்டாம்.

நம்மவருக்குத் தீப்பெட்டி என்றாலே ஆகாது. “அது பிச்ச போடறதுடா கபூரு. சட்டம் கையில கீறவன் எதுக்குடா பிச்ச போடணும்?” என்று தினமும் அவனைப் பிடித்துக்கொண்டார். சொல்லிச் சொல்லிக் கரைத்துவிட்டார். ஒருநாள் கபூர் தீப்பெட்டி எறியாமல் டோல்கேட்டைத் தாண்டினான். அதற்கு வடக்கே அடுத்த போலீஸ்காரர் கை நீட்டினார். கபூர் நடுரோட்டில் லாரியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சீட்டை விட்டு இறங்காமல், லைசென்சை நீட்டி, “பாத்துட்டுக் குடு சார்” என்றான். லாரியில் பாரம் அதிகம். பின்விளக்கு எரிந்து மாசக்கணக்கு. மூட்டை மேல் கூலியாட்கள் நாலு பேர் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் மறந்துவிட்டு கபூர் சட்டம் பேசினான்.

போலீஸ்காரர் லைசென்சை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். “ரசீது குடு” என்றான் கபூர். அவர் லத்தியால் அவன் முதுகில் ஒன்று போட்டு, “இந்தா ரசீது, பத்திரமா வெச்சுக்கோ” என்றார்.

லைசென்ஸ் இல்லாதவனை லாரியில் ஏற்ற எங்கள் முதலாளிக்குப் பைத்தியமா? கபூருக்கு வேலை நின்றது. வீட்டில் அவன் பெண்டாட்டிக்கு மாதம் நிறைந்திருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் இருக்கும் நேரமாக டீக்கடைக்கு வந்து நின்றான்.

“நைனா, நீ சொன்னத்தத்தான் பண்ணேன். ஒரு வார்த்த மாத்தல. வூட்ல அடுப்பு எரியல. இப்ப நீயே வந்து கேளு.”

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நம்மவர் மீசையைத் துடைத்தார். டீ அப்போது கைக்கே வரவில்லை, எதைத் துடைத்தார் என்று தெரியாது.

“வரேன்டா. கேட்டுட்டா போவுது” என்றார்.

கபூர் இல்லாமல் எங்கள் லோடு தேங்கிக் கிடந்ததால் முதலாளி என்னையும் கூடவே போகச் சொன்னார். மூன்று பேரும் கறுப்பு வண்டியிலேயே போனோம். ஸ்டேஷன் வாசலில் பிண வண்டி வந்து நின்றதைப் பார்த்து நாலைந்து பேர் யார் செத்தது என்று விசாரிக்க ஓடி வந்தார்கள். நம்மவர் இறங்கி, பித்தளைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு படியேறினார். கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் வக்கீல் என்று நினைத்து வாசலில் காவலுக்கு இருந்த பாராக்காரர் எழுந்து விறைப்பாக நின்றார். நம்மவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தீரா என்றது அந்தப் பார்வை. கபூரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனோம்.

இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நம்மவர் தொண்டையைச் செருமி, “ஐயா, மோட்டார் வண்டிச் சட்டத்துல...” என்று ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். கோட்டைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார். “நீ பொண வண்டிக்காரன்தானே?” என்றார்.

அவ்வளவுதான். நான் கண் மூடித் திறப்பதற்குள் நம்மவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் காலைத் தொட்டுவிட்டார். “ஐயா, தருமப் பிரபு, புள்ளத்தாச்சிப் பொண்டாட்டி வெச்சுகினு கீறான்யா. ஏதோ தெரியாத்தனமா வாய் வுட்டுட்டான். மன்னிச்சு வுட்டுடுங்கய்யா” என்று அழுகிற குரலில் சொன்னார். எங்கள் பேட்டையில் எத்தனையோ பேர் போலீஸ்காரர் காலில் விழுந்து பார்த்திருக்கிறேன், இவ்வளவு பழகிய மாதிரி யாரும் விழுந்ததில்லை. சிரிப்பு வந்தது. சிரித்தால் லோடு நகராது என்று அடக்கிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டரின் கண் இன்னும் வண்டி மேலேயே இருந்தது. கேட்பாரற்ற பிணங்களைக் கொண்டுபோய்ப் புதைக்கிற வேலை ஸ்டேஷன் தலையில்தான் விழும். கடலில் ஒதுங்குவது, தண்டவாளத்தில் கிடப்பது என்று இந்தப் பக்கம் அதற்குக் குறைவே இல்லை. வாடகை வண்டிக்காரர்கள் தொட மாட்டார்கள். தொட்டால் கேட்கிற கூலியைப் போலீஸ்காரர்கள் தங்கள் கையிலிருந்து அழ வேண்டும்.

“பின்னால ஒரு பொணம் ரெண்டு நாளா கெடக்கு. கடல்ல ஒதுங்கினது. மூலக்கொத்தளம் இடுகாட்டுல கொண்டுபோய்ச் சேத்துடுறியா?” என்றார்.

“ஆவட்டும்யா.”

டிராயர் திறந்தது, லைசென்ஸ் வெளியே வந்தது.

நம்மவர் படியிறங்கும்போது முதுகு நிமிர்ந்துவிட்டது. கபூரின் கையில் லைசென்சை வைத்து, “கேட்டேன். குடுத்தாங்க” என்றார். கபூருக்குக் கண் கலங்கிவிட்டது. பின்பக்கமிருந்து இரண்டு பேர் பாயில் சுற்றிய உடலைத் தூக்கிவந்து வண்டியில் ஏற்றியதை அவன் கவனித்தானா என்று தெரியாது. கவனித்திருந்தாலும் பிண வண்டியில் பிணம் ஏறுவதில் என்ன அதிசயம்?

அன்று மாலை டீக்கடையில் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று லைசென்ஸ் கொடுத்ததாகக் கபூர் சொன்னான். மறுநாள் அவனே சொன்னபோது இன்ஸ்பெக்டர் நாற்காலியும் போட்டார். கபூருக்குப் பெண் குழந்தை பிறந்தபோது நம்மவருக்கு ஒரு சட்டி பிரியாணி வந்தது. அப்புறம் லைசென்ஸ் பறிகொடுத்தவன் எல்லாம் அவர் வாசலில் வந்து நின்றான். அவரும் சளைக்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு லைசென்சுக்கு ஒரு பிணம் என்று வைத்துக்கொண்டார்கள். பணம் கொடுத்தாலும் சுலபத்தில் திருப்பித் தர மாட்டார்களே, எப்படி நைனா என்று கேட்டால், “பாயிண்ட்ட எடுத்து வெக்கறேன், அவங்களால பேச முடியல” என்பார். எனக்கு உண்மை தெரியும் என்பது அவருக்கும் தெரியும். என் பக்கம் திரும்பாமல் பேசிவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்த அநாதை உடல்களை அவர் ஏனோதானோ என்று கொண்டுபோகவில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுகிற அதே மெதுவில்தான் ஓட்டினார், கோட்டைக் கழற்றாமல்தான் ஓட்டினார். எந்தச் சாதி, எந்த மதம் என்று தெரியாததால் தனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தைக் குழி மூடும்வரை நின்று சொல்லிவிட்டு வந்தார். ஊர் பேர் தெரியாமல் செத்த எவனோ ஒருவன், டோல்கேட்டில் போலீஸ் சல்யூட்டோடு, பின்னால் ஏழெட்டு லாரி துக்கமாகத் தொடர, அரை ராஜா மாதிரி மூலக்கொத்தளம் போனான். முதல் லாரி பெரும்பாலும் கபூருடையதாக இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு அவர் மேல் பிரியமாக இருந்தது.

சவப்பெட்டிக் கடை முதலாளிக்கு அந்தப் பிரியமெல்லாம் கிடையாது. பெட்டி விற்காமல் பெட்ரோல் மட்டும் தீர்ந்துகொண்டே இருந்தது. மூலக்கொத்தளம் வெட்டியானைக் கேட்டார், விஷயம் தெரிந்துவிட்டது. வண்டியைப் பிடுங்கித் தன் மச்சானிடம் கொடுத்தார். கோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார். கோட்டு இல்லாமல் டீக்கடைக்கு வந்த நம்மவரை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை, மீசை மட்டும் நடந்து வருகிற மாதிரி இருந்தது. “சட்டம் தெரிஞ்சவன எந்த மொதலாளி வெச்சுக்குவான்?” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து கபூர் மறுபடியும் மாட்டினான். இந்தத் தடவை தைரியம் கூடிப்போய், “வெச்சுக்க சார். நாளிக்கு எங்க நைனா வருவாரு, நீயே எடுத்துக் குடுப்பே” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். நம்மவர் வேலை போன கவலையில் இருந்தார். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் கபூரிடம் காரணம் சொல்ல வேண்டும். கிளம்பிவிட்டார். இந்த முறையும் லோடு எங்களுடையது, நானும் போனேன். பஸ்ஸில் போனோம். கபூர் வெளியே நிற்க மாட்டேன் என்றான். நைனா பேசுவதை ஒருநாளாவது காதால் கேட்க வேண்டுமாம்.

பாராக்காரர் எழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் இவரைப் பார்த்ததும் வழக்கமான பழக்கத்தில் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

“வண்டி எங்கய்யா?”

“வண்டி... இப்ப என்கிட்ட இல்லீங்கய்யா.”

“வண்டி இல்லாம எதுக்கு வந்தே? வழக்கம்போல கால்ல விழவா? ஒரு பொணத்துக்கு ஒரு லைசென்ஸ்னு குடுத்துட்டிருந்தேன். இப்ப எதை வெச்சுக் குடுக்கச் சொல்றே?”

கபூர் என் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. நம்மவர் கை இரண்டும் கும்பிடப் பாதி எழுந்து அங்கேயே நின்றன. இன்ஸ்பெக்டரின் காலைப் பார்த்தார், கபூரைப் பார்த்தார். கை கீழே இறங்கியது.

“அப்ப ரசீது குடுங்கய்யா” என்றார். “லைசென்ஸ எடுத்து வெச்சுக்கினா ரசீது குடுக்கணும். சட்டம் அப்டித்தான் சொல்லுது.”

ஒரு போலீஸ்காரர் எதிரில் அவர் சட்டத்தை முழுதாகச் சொல்லி முடித்தது அதுதான் முதல் தடவை. அடி விழும் என்று நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

இன்ஸ்பெக்டர் அடிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. “ரசீது வேணுமா? தாராளமா. ரசீது குடுத்தா கேஸ் எழுதணும். பாரம் ஜாஸ்தி, பின்னால வெளக்கு இல்ல, மூட்டை மேல ஆளுங்க. ஒண்ணு விடாம எழுதுவேன். எழுதட்டுமா?” என்றார்.

வக்கீல் குமாஸ்தா சொல்லாமல் போன கடமைகள் பகுதிக்குள் வந்துவிட்டோம்.

“எய்து சார்” என்றான் கபூர். “நான் பண்ணதுதானே. எய்து.”

எழுதினார்கள். ரசீது கிடைத்தது. அந்தச் சின்னக் காகிதத்தைக் கபூர் டீக்கடைக்குக் கொண்டுவந்தபோது திருவிழாக் கூட்டம். அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதையே அதுவரை யாரும் பார்த்ததில்லை. கபூர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே லோடு எடுத்தான். ஆனால் நைனாவுடன் பேசவில்லை. அவரும் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, மீசையைத் துடைக்காமல் எழுந்து போனார்.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளில் அவர் கூப்பிடாமலே வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை துவைத்துப் போட்டிருந்தார். வழியெல்லாம் வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார், மாஜிஸ்திரேட்டிடம் பேச வேண்டியதாம். கபூருக்கு முகம் வெளிறிக் கிடந்தது. லைசென்ஸ் ரத்தாகிவிட்டால் என்ன செய்வது என்று என்னை நாலு தடவை கேட்டான். குழந்தைக்குப் பால் பவுடர் வாங்குகிற காசு அந்த லாரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

கோர்ட்டு வாசலில் டவாலி நம்மவரைத் தடுத்து, “நீ யாரு? கேஸ் உன்னுதா? இல்லேன்னா ஓரமா குந்து” என்றான். அவர் படியில் போய் உட்கார்ந்தார். கபூரின் பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனான். நான் கதவோரம் நின்று பார்த்தேன். படித்துக் காட்டினார்கள். தப்பை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். “ஆமாங்க” என்றான். மாஜிஸ்திரேட் தலை நிமிராமல் அபராதத்தைச் சொல்லிவிட்டு, லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டு என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அபராதம் கபூர் பயந்ததில் பாதிகூட இல்லை. கட்டினான், கையெழுத்துப் போட்டான், லைசென்சை வாங்கிக்கொண்டான்.

வெளியே வந்து படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். லைசென்சைப் பிரித்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல நாளுக்குப் பிறகு அவரிடம் வாயைத் திறந்தான்.

“இவ்ளோதானா நைனா? இதுக்கா அவன் கால்ல வுழுந்து, வேலயத் தொலச்சே?”

அவர் திரும்பிக் கோர்ட்டுக் கதவைப் பார்த்தார்.

“எனுக்கு இன்னாடா தெரியும்?” என்றார். “நான் கோர்ட்டையே இப்பத்தான் பாக்கறேன்.”